‘படியை எழுது, புள்ளி இருக்கு’: பள்ளிக்கூடக் கணக்கின் படிமுறைகளுக்கு ஒரு சிறு வரலாறு

கலைப்பீடத்தில் படிக்கிறோம் எண்டு சொன்னால் அடுத்து வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏன், கணக்கு ஓடாதோ?” கேட்பவர்கள் கேலிக்காகக் கேட்பதில்லை. மனிதர்கள் கணக்கு வருகிறவர்கள், வராதவர்கள் எண்டு பிறப்பிலேயே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள் என்பது எங்கள் ஊர்களில் அவ்வளவு இயல்பான நம்பிக்கை. ஆனால் அந்தப் பிரிவு பிறப்பில் நடப்பதில்லை. தரம் ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில் பின்னம், விகிதம், எளிய சமன்பாடு என்று பாடங்கள் வருகிற வகுப்பறைகளில்தான் அது நடக்கிறது.

அந்த வகுப்பறைகளில் நாங்கள் எல்லோரும் கேட்ட ஒரு வசனம் உண்டு. “விடை பிழைச்சாலும் பரவாயில்லை, படியை எழுது. படிக்குப் புள்ளி இருக்கு.” நல்ல மனதோடு சொல்லப்பட்ட வசனம்தான், பலரைச் சாதாரண தரத்தில் சித்தியடைய வைத்த வசனமும்கூட. ஆனால் ஒரு வரலாற்று மாணவருக்கு இதில் இன்னொரு கேள்வி இருக்கிறது. கணக்கைப் படிபடியாக எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது? யார் யாருக்காக எழுதினார்கள்? அந்தப் படிகளில் எதை நாங்கள் வைத்துக்கொண்டோம், எதை வழியில் விட்டுவிட்டோம்?

களிமண்ணும் பப்பிரசும்

ஏறத்தாழ 3800 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஈராக்கில், எழுத்தர் பள்ளி மாணவர்கள் ஈரக் களிமண் பலகைகளில் கணக்கு எழுதினார்கள். அந்தப் பலகைகளை வாசித்த ஆய்வாளர்கள் கவனித்த ஒரு விடயம், கணக்கின் தீர்வு முன்னிலையில் எழுதப்பட்டிருப்பது. ‘நீ இதைப் பாதியாக்கு, அதோடு இதைப் பெருக்கு’ என்று கட்டளைகள் வரிசையாக வரும். பல கணக்குகளின் முடிவில் ‘செய்முறை இதுவே’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஏன் பாதியாக்க வேண்டும் என்பது பலகையில் இராது. அது ஆசிரியரின் வாயில் இருந்திருக்க வேண்டும். களிமண் மிஞ்சியிருக்கிறது, வாய்ப்பேச்சு மிஞ்சவில்லை.

எகிப்தில் கதை கொஞ்சம் வேறு. கி.மு. 1550 அளவில் ஆமோஸ் என்ற எழுத்தர் தனக்கு முந்திய ஒரு மூலத்தைப் பார்த்துப் படியெடுத்த பப்பிரசுச் சுருள் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1858 இல் அதை வாங்கிய ஸ்கொட்லாந்துக்காரரின் பெயரால் ‘றைன்ட் பப்பிரசு’ என்கிறார்கள். அதன் 24 ஆவது கணக்கு தரம் எட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியது: ஒரு தொகையும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19. தொகை எவ்வளவு?

நாங்கள் என்றால் உடனே எக்ஸ் போடுவோம். ஆமோசிடம் எக்ஸ் இல்லை. அவர் ஒரு பொய் விடையோடு தொடங்குகிறார். தொகை 7 என்று வைத்துக்கொள்வோம். 7 இன் ஏழில் ஒன்று 1. இரண்டும் சேர்ந்தால் 8. எங்களுக்கு வேண்டியது 8 அல்ல, 19. எட்டை எத்தனை மடங்காக்கினால் 19 வரும்? இரண்டேகாலும் அரைக்காலும், அதாவது 2 + 1/4 + 1/8. எனவே நாம் வைத்த 7 ஐயும் அதே மடங்காக்கு: 16 + 1/2 + 1/8. அதுதான் விடை. சரிபார்க்கலாம்: அதன் ஏழில் ஒன்று 2 + 1/4 + 1/8. இரண்டையும் கூட்டினால் 19.

இந்த முறையில் அழகான ஒன்று இருக்கிறது. பிழையான விடை வெட்கப்பட வேண்டிய ஒன்றாக இல்லை, அதுவே வழி. வேண்டுமென்றே பிழையாகத் தொடங்கி, எவ்வளவு பிழை என்று பார்த்து, அங்கிருந்து சரியான இடத்துக்கு நடக்கிறார்கள். எங்கள் கொப்பிகளில் பிழை என்பது சிவப்பு மையோடு முடிந்துபோகிற விடயம்.

ஆனால் இதே முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்: ஒரு தொகை, அதன் ஏழில் ஒன்று, அதோடு இன்னுமொரு 3, எல்லாம் சேர்ந்து 19. முன்போலவே 7 என்று வைத்தால் 7 + 1 + 3 = 11. 19 ஐ 11 ஆல் வகுத்து 7 ஆல் பெருக்கினால் 12 சொச்சம் வரும். பிழை. ஏனென்றால் தொகை இரட்டிப்பானால் அதன் ஏழில் ஒன்றும் இரட்டிப்பாகும்; அந்த 3 மட்டும் அசையாமல் நிற்கும். முதலில் 3 ஐக் கழித்து 16 ஆக்கிவிட்டுச் செய்தால் 14 என்று சரியாக வரும். படியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் விழுவார். படிக்குக் காரணம் தெரிந்தவர் விழமாட்டார். நாலாயிரம் ஆண்டுகளாகப் பள்ளிக்கூடக் கணக்கின் பிரச்சினை ஏறத்தாழ இதுதான்.

மூன்றைக் கொண்டு நாலாவது

“5 கொப்பி 600 ரூபா என்றால் 8 கொப்பி எவ்வளவு?” எந்தச் சந்தையிலும் இப்படிக் கேட்காமல் வியாபாரம் நடக்காது. இதற்கான விதியை ஆரியபடர் கி.பி. 499 இல் சுருக்கமாகச் சொன்னார். பிரமகுப்தர் 628 இல் அதை விரித்தார். தெரிந்த அளவு பிரமாணம் (5 கொப்பி), அதன் பயன் பலம் (600 ரூபா), நாம் விரும்பும் அளவு இச்சை (8 கொப்பி). பலத்தை இச்சையால் பெருக்கு, பிரமாணத்தால் வகு. 600 × 8 ÷ 5 = 960. இதற்குத் திரைராசிகம் என்று பெயர், மூன்று தொகைகளின் விதி. இதேபோன்ற விதி சீனாவின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற பழைய நூலிலும் இருக்கிறது. பிற்கால ஐரோப்பிய வியாபாரிகள் இதற்குப் ‘பொன் விதி’ என்றே பெயர் வைத்தார்கள்.

இன்று எங்கள் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பது அலகு முறை. முதலில் ஒரு கொப்பியின் விலை 120, பிறகு 8 கொப்பிக்கு 960. இரண்டும் ஒரே விடைதான். ஆனால் இடையில் வருகிற எண்ணைக் கவனியுங்கள். அலகு முறையில் 120 என்பது ஒரு கொப்பியின் விலை என்று எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். பழைய விதியில் இடையில் வருவது 4800. அது என்ன? யோசித்தால் அதற்கும் பொருள் உண்டு: ஐந்தைந்தாகக் கட்டிய எட்டுக் கட்டு, அதாவது 40 கொப்பியின் விலை. எங்களுக்கு வேண்டியது அதில் ஐந்திலொரு பங்கு. அப்படியிருந்தும் ஏன் பெருக்கலை முதலில் செய்தார்கள்? 7 மாங்காய் 100 ரூபா என்று கணக்கு வந்தால் அலகு முறை இரண்டாவது வரியிலேயே பின்னத்தில் போய்ச் சிக்கும். முதலில் பெருக்கினால் கடைசி வரிவரை முழு எண்ணோடு போகலாம். கையால் கணக்குப் பார்க்கிறவருக்கு அது பெரிய உதவி. ஆக, எது நல்ல படி என்பது கணக்கை மட்டும் பொறுத்தது இல்லை. யார், எதற்காக, எதை வைத்துச் செய்கிறார் என்பதையும் பொறுத்தது.

இந்த மரபில் எங்களை அதிகம் கவர்ந்தது 1881 இல் பெஷாவருக்குப் பக்கத்தில் பக்சாலி என்ற ஊரில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட மரப்பட்டைச் சுவடி. இன்று அது ஒக்ஸ்போர்டில் இருக்கிறது. அதன் காலத்தைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. அதில் கணக்குகள் ஒரு ஒழுங்கில் வருகின்றன. முதலில் சூத்திரம், பிறகு உதாரணம், பிறகு தாபனம் (தரவுகளை எடுத்து எழுதுவது), பிறகு கரணம் (செய்கை), கடைசியில் பிரத்யயம். பிரத்யயம் என்றால் நம்பிக்கை, உறுதி. கிடைத்த விடையை எடுத்துக் கணக்கில் திரும்பப் போட்டுச் சரிதானா என்று காட்டுவது. தரவு, செய்கை, விடை என்று நாங்கள் இன்றும் எழுதுகிறோம். அந்தக் கடைசிப் படி மட்டும் எங்கள் கொப்பிகளில் அபூர்வம்.

மரபைப் புகழ்வதோடு இதை நிறுத்தவும் முடியாது. 1150 இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதி கணக்கை விளையாட்டுப்போலச் சொல்லித்தரும் நூல் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. அதே நூலில் நேர்மாறு விகிதத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: பதினாறு வயது அடிமைப் பெண்ணின் விலை 32 நிஷ்கம் என்றால் இருபது வயதுப் பெண்ணின் விலை என்ன? வயது கூடக்கூட விலை குறையுமாம். 32 × 16 ÷ 20. படிகளில் ஒரு பிழையும் இல்லை. றைன்ட் பப்பிரசிலும் 100 பாணைப் பத்துப் பேருக்குப் பிரிக்கிற கணக்கு ஒன்று உண்டு. அதில் படகோட்டி, மேற்பார்வையாளர், வாயிற்காவலர் மூவருக்கும் இரட்டைப் பங்கு. ஏன் இரட்டைப் பங்கு என்று கணக்குக் கேட்காது, 13 பங்காகப் பிரித்துவிட்டுப் போய்விடும். ஒரு சமூகம் எதை இயல்பு என்று எடுத்துக்கொண்டது என்பதை அறியக் கல்வெட்டைவிடச் சிலவேளை பள்ளிக்கூடக் கணக்கு உதவும். இது கலைப்பீட மாணவர் செய்யக்கூடிய கணித வேலைதானே.

உடைந்ததைப் பொருத்துதல்

ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பக்தாத்தில், அல் குவாரிஸ்மி எழுதிய நூல் ஒன்றின் தலைப்பிலிருந்துதான் ‘அல்ஜிப்ரா’ என்ற சொல் வந்தது. அவருடைய பெயரிலிருந்து ‘அல்கோரிதம்’ என்ற சொல் வந்தது. நூலின் நோக்கம் மிகவும் நடைமுறையானது: சொத்துப் பிரிப்பது, வியாபாரம், நிலம் அளப்பது. குறியீடே இல்லாமல் முழுக்க முழுக்கச் சொற்களில் எழுதப்பட்டது.

அவர் பெயரிட்ட இரண்டு செய்கைகளை நாங்கள் இன்றும் செய்கிறோம், பெயர் தெரியாமலே. ஒரு கணக்கு: 20 இலிருந்து ஒரு ‘பொருளை’க் கழித்தால் வருவது அந்தப் பொருளின் மூன்று மடங்கு. இங்கே 20 முழுமையாக இல்லை, அதில் ஒரு துண்டு குறைகிறது. அந்தக் குறையை நிரப்பு, மறுபக்கத்திலும் அதே அளவு சேர். இப்போது 20 என்பது பொருளின் நாலு மடங்கு. பொருள் 5. இந்த நிரப்புதலுக்குத்தான் அல் ஜப்ர் என்று பெயர். அரபுமொழியில் அதே சொல் முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் வரும். மற்றது அல் முகாபலா, எதிரெதிரே வைத்துப் பார்த்தல். பொருளின் மூன்று மடங்கும் 4 உம் சேர்ந்தது, ஒரு பொருளும் 20 உம் சேர்ந்ததற்குச் சமன் என்றால், இரு பக்கத்திலும் பொதுவாக இருப்பதை இரு பக்கத்திலும் எடுத்துவிடு. பொருளின் இரண்டு மடங்கு 16, பொருள் 8.

இதை எங்களுக்கு எப்படிச் சொல்லித் தந்தார்கள்? “அந்தப் பக்கம் போனால் சயன் மாறும்.” அவ்வளவுதான். ஏன் மாறும்? போனால் மாறும், அவ்வளவுதான். உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை. இரு பக்கத்திலும் ஒரே வேலையைச் செய்கிறோம், தராசு சரியாமல் இருக்கிறது. ‘போகும், மாறும்’ என்பது அந்த வேலையின் சுருக்கெழுத்து. சுருக்கெழுத்தை முதலில் படித்த பிள்ளைக்கு அது மந்திரமாகத் தெரிகிறது. பெருக்கலாக இருக்கிற எண்ணையும் சயன் மாற்றி அனுப்பிவிடுகிறது. பிறகு அந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஓடாது என்கிறோம்.

நாங்கள் எழுதுகிற குறியீடுகளும் அவ்வளவு பழையவை இல்லை. கூட்டல், கழித்தல் குறிகள் அச்சில் வந்தது 1489 இல், ஜேர்மனியில். சமன் குறியை 1557 இல் வேல்ஸைச் சேர்ந்த வைத்தியர் றொபட் றெக்கோட் அறிமுகம் செய்தார். இரண்டு சமாந்தரக் கோடுகளைவிடச் சமனான வேறு இரண்டு பொருள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். தெரியாக் கணியத்துக்கு எக்ஸ் எழுதும் வழக்கம் 1637 இல் டேக்கார்ட்டின் நூலோடு நிலைபெற்றது. அதற்கு முந்திய மூவாயிரம் ஆண்டும் மனிதர்கள் எக்ஸ் இல்லாமல்தான் சமன்பாடு தீர்த்தார்கள். எக்ஸைக் கண்டு பயப்படுகிற பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

திண்ணையும் வட்டுக்கோட்டையும்

தமிழில் கணக்குக்கு இரண்டு வேறு வழிகள் இருந்தன. ஒன்று திண்ணைப் பள்ளிகளின் மனன வழி. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று சுவடிகள் இருந்தன. பிள்ளைகள் மணலில் எழுதி, சத்தமாகச் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றினார்கள். முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) என்று இவ்வளவு நுண்ணிய பின்னங்களை வாயால் பெருக்கிய பிள்ளைகள் அவர்கள். இதை வெறும் கிளிப்பிள்ளை வேலை என்று தள்ளிவிட முடியாது. நெல் அளக்கிற இடத்தில், கூலி பிரிக்கிற இடத்தில், கடதாசி இல்லாமல் உடனே விடை சொல்ல வேண்டியவர்களுக்கான பயிற்சி அது. ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதியும் பாலும் தீர்மானித்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்றது, காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற செய்யுள் நூல்கள். நிலம், பொன், நெல், அரிசி, கல், காலம் என்று பிரித்து விதிகளைச் செய்யுளாகத் தரும். அதில் பலரும் அறிந்தது பலாப்பழக் கணக்கு: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளையின் எண்ணிக்கை வருமாம். 100 முள் என்றால் 120 சுளை. முகநூலில் இதைப் ‘பண்டைத் தமிழர் அறிவியல்’ என்று பகிர்கிறவர்கள் பலர், பழத்தை வெட்டி எண்ணிப் பார்த்தவர்கள் சிலர். எங்கள் முற்றத்தில் பலா இல்லாத ஊர் எது? விதியைச் சோதிப்பதற்குப் பெருமைப்படுவதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும். பக்சாலிச் சுவடிக்காரர் என்றால் பிரத்யயம் எங்கே என்று கேட்டிருப்பார்.

1823 இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியபோது மூன்றாவது ஒரு வழி வந்தது. அங்கே ஐரோப்பியக் கணிதமும் வானியலும் பாடங்களாகின. அந்தச் சூழலில் உருவான கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதம் என்ற அட்சரகணித நூலைத் தமிழில் வெளியிட்டார். செமினரி மூடப்பட்டதும் அதே 1855 இல்தான். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவர் யாழ்ப்பாணத்தவர்கள் என்று பெருமையாகச் சொல்கிறோமே, சி.வை. தாமோதரம்பிள்ளையும் இவரும்தான் அந்த இருவர். தாமோதரம்பிள்ளையைத் தொல்காப்பியப் பதிப்புக்காக நினைவில் வைத்திருக்கிறோம். விசுவநாதபிள்ளையை நினைத்தால் ஆறுமுக நாவலரோடு நடந்த சமய வாதமே முன்னுக்கு வருகிறது. தமிழில் சமன்பாடு எழுதியதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எங்கள் இலக்கிய வரலாறுகளில் கணித நூலுக்கு இடமில்லை, கணித வகுப்புகளில் வரலாற்றுக்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்ட நூல் அது.

படி இருக்கு, காரணம் எங்கே?

இருபதாம் நூற்றாண்டில் கணக்கு எல்லோருக்குமான பாடமாகியது. இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் அதற்கு வழி திறந்தன; 1972 இன் கல்விச் சீர்திருத்தம் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பாடமாக்கியது. இது பெரிய சனநாயக வெற்றி. திண்ணையில் இடம் கிடைக்காதவரின் பேத்தியும் இன்று சமன்பாடு தீர்க்கிறாள். ஆனால் எல்லோரையும் ஒரே தாளில் சோதிக்க வேண்டியபோது படிக்கு ஒரு புதிய வேலை வந்தது. புள்ளித்திட்டத்தோடு ஒப்பிடக்கூடிய வரிகளாக அது மாறியது. படி எழுதுவது இப்போது பிள்ளை தனக்காகச் செய்வதில்லை, திருத்துபவருக்காகச் செய்வது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் இல்லை. 1973 இல் அமெரிக்காவில் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் பெனி என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனோடு பேசி ஒரு கட்டுரை எழுதினார். வகுப்பில் அவன் நல்ல புள்ளி எடுக்கிறவன். ஆனால் 0.3 உம் 0.4 உம் கூட்டினால் 0.07 என்றான். அவனைப் பொறுத்தவரை கணக்கு என்பது யாரோ எங்கோ உண்டாக்கி வைத்த நூற்றுக்கணக்கான விதிகள். விடைத்தாளோடு பொருந்துகிறதா என்று ஊகிப்பதுதான் வேலை. 1976 இல் றிச்சட் ஸ்கெம்ப் இரண்டு வகை ‘விளங்குதல்’ பற்றி எழுதினார். விதியைப் பாவிக்கத் தெரிவது ஒன்று, அந்த விதி ஏன் அப்படி என்று தெரிவது இன்னொன்று. ஆசிரியர் ஒன்றையும் பிள்ளை மற்றதையும் ‘விளங்குது’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், இரண்டு பேரும் வேறு வேறு பாடத்தில் இருக்கிறார்கள் என்பது அவருடைய வாதம்.

ஆசிரியர்மாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், தவணைப் பரீட்சை என்று இருக்கிற ஒருவருக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இராது. ஆனால் எங்களில் கனபேர் இன்று தம்பி தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள். கலைப்பீட மாணவருக்கு வருகிற பகுதிநேர வேலையும் பெரும்பாலும் டியூசன்தான். அங்கே நாற்பது பேர் இல்லை, ஒருவரோ இருவரோதான்.

அங்கே இரண்டு வரியைக் கூட எழுதச் சொல்லலாம். ஏதாவது ஒரு படிக்குப் பக்கத்தில், இது ஏன் என்று பிள்ளையின் சொந்தப் பேச்சில் ஒரு வரி. ‘இரண்டு பக்கமும் 5 ஐ எடுத்தன்’ என்று எழுதினால் போதும். கடைசியில், விடையைத் திரும்பக் கணக்கில் போட்டுப் பார்த்து ஒரு வரி. முதலாவது வரி காரணத்தைத் திருப்பித் தரும். இரண்டாவது வரி அதைவிடப் பெரிய ஒன்றைத் தரும். சரியா பிழையா என்பதை இதுவரை ரீச்சரோ, சேரோ, புத்தகத்தின் கடைசிப் பக்கமோதான் சொல்லிக்கொண்டிருந்தது. பிரத்யயம் எழுதப் பழகிய பிள்ளைக்கு அது தானாகவே தெரியும். கணக்கு வரும், வராது என்று தன்னைப் பற்றி மற்றவர்கள் சொல்லுவதையும் அந்தப் பிள்ளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும்.